பேரீச்ச மரமும் பேசாத பிள்ளையும்



மாடம்பாக்கத்தில் எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையே சிறுவர் வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். குர்ஆன் ஓதக் கற்பது முதற்பணி. எஞ்சிய அரைமணி நேரத்தில் தமிழும் கணக்கும் பழக்குகிறோம். தொண்டாகக் கற்பிக்கும் நாங்கள் நால்வர். ஒருவர் ஆலிமா, மற்றவர்கள் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் பணிபுரிந்தவர்கள்.

அந்த அரைமணி நேரத்தில் புதிர்களை நுழைத்தபோது ஒரு தாய் வந்து கேட்டார்: “ஓத அனுப்பினா, பிள்ளைங்களை விளையாட வைக்கிறீங்களே ஆலிமா?” அவர் கோபத்தோடு கேட்கவில்லை, கவலையோடு கேட்டார். பகலெல்லாம் உழைத்துவிட்டு, பிள்ளையின் மார்க்கக் கல்விக்கென ஒதுக்கிய நேரம் வீணாகிறதோ என்னும் கவலை அது. அவருக்கு அன்று நாங்கள் கூறிய விடையையும், பின்னர் எங்களுக்கே நேர்ந்த பிழையையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

அன்று அவருக்கு நாங்கள் எடுத்துச் சொன்னது ஸஹீஹுல் புகாரியின் கல்வி பற்றிய பகுதியில் இடம்பெறும் புகழ்பெற்ற நிகழ்ச்சியை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், இலை உதிராத மரம் ஒன்று உண்டு, அது முஸ்லிமுக்கு உவமையானது, அது எந்த மரம் என்று வினவினார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களையெல்லாம் சுற்றி வந்தது. அவையில் இருந்தவர்களுள் இளையவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் அது பேரீச்ச மரம் என்று தோன்றியது. ஆனால் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியவர்கள் பேசாதிருக்கும்போது தாம் பேசுவதா என்று நாணி வாளாவிருந்துவிட்டார்கள். இறுதியில் நபி (ஸல்) அவர்களே விடையைக் கூறினார்கள்.

மற்றோர் அறிவிப்பில் நுட்பமான ஒரு செய்தி இருக்கிறது. அவ்வினா எழுப்பப்பட்ட வேளையில் அவையில் பேரீச்ச மரத்தின் குருத்து கொண்டுவரப்பட்டிருந்தது. விடையின் தடயம் எல்லோர் கண்முன்னும் இருந்தது! நல்ல ஆசிரியர் புதிரை இருட்டில் வைப்பதில்லை; கண்ணுள்ளவர் காணும்படி ஒரு விளக்கையும் பக்கத்தில் வைக்கிறார். இமாம் புகாரி அவர்கள் இந்நிகழ்ச்சியை, தலைவர் தம் தோழர்களின் அறிவைச் சோதிக்க வினா எழுப்புவது பற்றிய தலைப்பின் கீழும் அமைத்திருக்கிறார்கள். அதாவது, புதிர் ஒரு கற்பித்தல் முறை என்பதை நம் முன்னோர் அன்றே கண்டுகொண்டார்கள். திவாலானவர் யார் தெரியுமா என்று தோழர்களிடம் முதலில் கேட்டுவிட்டு, அவர்கள் பொருளிழந்தவரைச் சொன்ன பிறகு, பிறருக்கு இழைத்த அநீதியால் மறுமையில் நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவரை நபி (ஸல்) அவர்கள் விளக்கியதும் இம்முறையே ஆகும். விடை முதலில் வந்திருந்தால் அது ஒரு செய்தி. வினா முதலில் வந்ததால் அது மறக்கவியலாத பாடமாயிற்று.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இது புதியதும் அன்று. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது, 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’. மசலா என்பது வினா என்னும் பொருள்தரும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். அந்நூல் முழுவதும் வினாவும் விடையுமாகவே செல்கிறது. ‘நூறு மசலா’விலோ ஓர் இளவரசி விடுக்கும் புதிர்களுக்கு விடை பகர்வதே கதை. நம் பாட்டிமார் இரவு விளக்கின் ஒளியில் இவற்றை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள். தமிழ்க் கணக்கு மரபிலும் இத்தகைய சுவை உண்டு. காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’, பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். விடை ஒவ்வொரு பழத்துக்கும் சரியாக வருமா என்பது வேறு. பழத்தை உற்றுப் பார்க்கவும், எண்ணவும், பெருக்கவும் அது பிள்ளையைத் தூண்டிவிடுகிறதே, அதுதான் செய்தி.

நம் மாநிலத்து அரசுப் பள்ளிகளும் இந்தத் திசையில் நடந்திருக்கின்றன. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007ஆம் ஆண்டில் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிவடைந்தது. அட்டைகளும் கற்றல் ஏணியும் வகுப்பறைக்குள் வந்தன. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். கொரோனாக் காலத்து இழப்பை ஈடுசெய்ய 2022இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஆடல், பாடல், விளையாட்டு வழியாகவே தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எண்ணறிவையும் எழுத்தறிவையும் ஊட்ட முனைகிறது. எனவே நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஏற்கெனவே இருப்பதைப் பள்ளிவாசலின் பாய்க்குக் கொண்டுவந்தோம்; அவ்வளவே.

முதலில் செய்தது அரபு எழுத்துப் புதிர். பா, தா, ஸா ஆகிய மூன்றும் ஒரே தோணி வடிவம் உடையவை. கீழே ஒரு புள்ளி இட்டால் பா. மேலே இரண்டு இட்டால் தா. மூன்று இட்டால் ஸா. புள்ளியில்லாத தோணிகளை அட்டையில் வரைந்து, புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்து, நாங்கள் ஒலியைச் சொன்னதும் கொட்டையை உரிய இடத்தில் வைக்கச் சொன்னோம். மாதக்கணக்கில் குழம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் சில நாள்களில் தெளிந்தார்கள். தமிழுக்கும் இதே வழி: கலை, களை, கழை, அரம், அறம், பலம், பழம். ஓரெழுத்து மாறினால் பொருள் எங்கே போய் நிற்கிறது என்று பிள்ளைகளே கண்டு சிரித்தார்கள். நகரப் பிள்ளைகளின் நாவில் ழகரம் தேய்ந்துவரும் காலத்தில் அந்தச் சிரிப்பு ஒரு மருந்து.

அடுத்து, வெட்டுப்படம். 1760களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் வரைபடச் செதுக்குநர், உலகப் படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்க விற்றார். இன்று கடைகளில் விற்கும் வெட்டுப்படங்களின் தொடக்கம் அதுவே என்பர். நாங்கள் தமிழ்நாட்டு வரைபடத்தைப் பழைய நாட்காட்டி அட்டையில் ஒட்டி 38 மாவட்டங்களாக வெட்டினோம். “எங்க தாத்தா ஊர் ராமநாதபுரம்” என்று ஒருத்தி அத்துண்டை எடுத்து வைத்துக்கொண்டு யாருக்கும் தர மறுத்தாள். “நம்ம மாடம்பாக்கம் எங்கே?” என்று மற்றொருவன் கேட்டான். 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத் துண்டைக் காட்டினோம். பேரூராட்சியாக இருந்த நம் ஊர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த கதையையும் சொன்னோம். பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் செய்தி, அன்று அவர்கள் கையில் ஒரு துண்டு அட்டையாகக் கனத்தது.

இவ்வாறு எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நாங்கள் பிழை செய்தோம்.

ஆர்வம் மிகுந்து, வாரந்தோறும் வியாழக்கிழமை புதிர்ப் போட்டி என்று அறிவித்தோம். கைபேசியில் நேரம் வைத்தோம். முதலில் விடை சொல்பவருக்குப் பரிசு. வகுப்பு களைகட்டியது, கை தூக்குவோரும் கூச்சலிடுவோருமாக மூன்று வாரம் ஓடிற்று. பெற்றோரும் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியின் நடுவே, மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் வருவதை நிறுத்தியிருந்தான். இரண்டு வாரம் கழித்தே அதை உணர்ந்தோம். எப்போதும் தூணோரம் அமர்பவன். கேட்டால் ஒழியப் பேசாதவன். ‘கொஞ்சம் மந்தம்’ என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

அவன் வீட்டுக்குச் சென்றோம். தந்தை சவூதியில் வேலை பார்க்கிறார். தாயும் பாட்டியும் வரவேற்றுத் தேநீர் கொடுத்தனர். அவன் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. தாய் மெல்லச் சொன்னார்: “அவனுக்கு விடை தெரியுது. யோசிச்சு வாயைத் திறக்கறதுக்குள்ள மத்த பிள்ளைங்க சொல்லிடறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியலன்னு எல்லாரும் நினைக்கிறாங்கம்மான்னு ராத்திரி அழுதான்.”

திரும்பி வரும் வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எந்த ஹதீஸைச் சொல்லிப் புதிர்களுக்கு நியாயம் தேடினோமோ, அதன் பிற்பாதியை நாங்களே மறந்திருந்தோம். அந்த அவையில் விடையறிந்தும் பேசாதிருந்த இளையவர் ஒருவர் இருந்தார்கள் அல்லவா? பின்னர் அவர்கள் அதைத் தம் தந்தையிடம் கூறியபோது, உமர் (ரலி) அவர்கள், நீ அதைச் சொல்லியிருந்தால் பெரும் செல்வம் கிடைப்பதைவிட எனக்கு உவப்பாக இருந்திருக்கும் என்னும் கருத்துப்படப் பதிலளித்தார்கள். ‘ஏன் சொல்லவில்லை’ என்று கடிந்துகொள்ளவில்லை. ‘உன் சொல் எனக்கு விலைமதிப்பற்றது’ என்று உணர்த்தினார்கள். எங்கள் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. நேரத்தைக் காட்டும் கைபேசிதான் இருந்தது.

அன்றிரவே விதிகளை மாற்றினோம். முதலாவது, நேரக்கணக்கு இல்லை. இரண்டாவது, விடையை உரக்கச் சொல்லக் கூடாது. துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இட வேண்டும். மூன்றாவது, விடை மட்டும் போதாது. எப்படிக் கண்டாய் என்பதையும் எழுத வேண்டும் அல்லது எங்கள் காதில் சொல்ல வேண்டும். நான்காவது, இருவர் இருவராக அமர வேண்டும். இருவருக்கும் விளங்கினால்தான் புதிர் அவிழ்ந்ததாகக் கொள்ளப்படும். ஐந்தாவது, பேரீச்சங்குருத்து விதி: ஒவ்வொரு புதிரோடும் ஒரு தடயம் பக்கத்தில் இருக்க வேண்டும். தாயக்கட்டையை மட்டும் தவிர்த்தோம். கட்டை உருட்டும் ஆட்டம் பற்றி ஹதீஸில் எச்சரிக்கை இருப்பதால், எண் அட்டைகளைக் கொண்டே எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டோம்.

சிறுவன் மீண்டும் வந்தான். அந்த வாரப் புதிர் ஒன்பது கட்டச் சதுரம். 1 முதல் 9 வரையுள்ள எண்களை, குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் மூலைக்கு மூலை கூட்டினாலும் 15 வரும்படி நிரப்ப வேண்டும். வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம் என்றோம். மறுநாள் அவனுடைய பாட்டி, தாளும் கையுமாகப் பள்ளிவாசல் வாசலில் நின்றார். “யாருக்கு என்னாச்சு? பிள்ளைக்கு எதுக்குத் தாயத்து எழுதிக் கொடுத்தீங்க?”

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. இதே ஒன்பது கட்டங்கள் பல நூற்றாண்டுகளாகத் தாயத்துகளில் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. பாட்டியின் இளமையில் காய்ச்சலுக்கும் கண்ணேறுக்கும் கழுத்தில் கட்டியதும் அதுவே. நாங்கள் அவரை அமரவைத்து, எண்களைக் கூட்டிக் காட்டினோம். மூன்று வரிசை, மூன்று நிரல், இரண்டு மூலைக்கோடுகள் என எட்டு வழியிலும் 15. பாட்டி விரலை மடக்கி மடக்கித் தாமே கூட்டிப் பார்த்தார். “இவ்வளவுதானா? இதுல கணக்குதான் இருக்கா?” என்றார். ஆம், கணக்குதான் இருக்கிறது; நலமும் நோயும் அல்லாஹ்வின் கையில் இருக்கின்றன என்றோம். தவ்ஹீதைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டவர் அவர். அன்று ஒரு சிறுவர் புதிர் அதை அவர் விரல்நுனியில் விளங்கவைத்தது.

பெட்டியில் விழுந்த சீட்டுகளைப் பிரித்தபோது, அச்சிறுவனின் சீட்டில் சதுரம் பாதிதான் நிரம்பியிருந்தது. ஆனால் கீழே, பிழையான எழுத்துகளோடு நான்கு வரிகள் எழுதியிருந்தான். அதன் சாரம் இது: 9க்கு மீதி 6 வேண்டும். ஆறுக்கு 1, 5 அல்லது 2, 4 என இரண்டு சோடிகளே உண்டு. மூலையில் நிற்கும் எண்ணுக்கு மூன்று சோடிகள் தேவை. ஆகவே 9 மூலையில் நிற்க முடியாது.

நாங்கள் அச்சீட்டை மாறி மாறி வாசித்தோம். மற்றப் பிள்ளைகள் எண்களை மாற்றி மாற்றி வைத்துத் தற்செயலாக விடையைக் கண்டார்கள். இவன் விடையைக் காணவில்லை. ஆனால் காரணத்தைக் கண்டான். விரைவை மட்டும் அளந்த எங்கள் போட்டியில் இந்தப் பிள்ளை கடைசி. மந்தம் அவனிடம் இல்லை. எங்கள் அளவுகோலில் இருந்தது.

அதன் பின் எங்களுக்குப் புதிர்களைப் பார்க்கும் பார்வையே மாறியது. ஆடு, புலி, புல்லுக்கட்டை ஆற்றைக் கடத்தும் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். சற்றேறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் அல்குவின் என்னும் அறிஞர் தொகுத்ததாகக் கருதப்படும் கணக்குத் தொகுப்பில் இது ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று இருக்கிறது. முன்னேறுவதற்காக ஒருமுறை ஆட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அதன் முடிச்சு. ‘கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருவதா’ என்று பிள்ளைகள் முரண்டுபிடிப்பார்கள். பின்வாங்குவதும் சில வேளை வழிதான் என்று விளங்கும்போது அவர்கள் முகத்தைக் காண வேண்டும்.

ஐந்தாம் வகுப்பாருக்குப் பதினேழு ஒட்டகங்களின் புதிர். மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று. பெரியவர் ஒருவர் தம் ஒட்டகத்தைச் சேர்த்துப் பதினெட்டாக்கி, 9, 6, 2 எனப் பிரித்துக் கொடுத்து, எஞ்சிய தம் ஒட்டகத்தைத் தாமே ஓட்டிச் செல்வார். ஒருத்தி கேட்டாள்: “நம்ம மார்க்கத்துல ஆண் பிள்ளைங்களுக்குச் சமமான பங்குதானே?” உண்மைதான். மகன்களிடையே வேறுபாடு காட்டும் அந்த உயில் நம் வாரிசுரிமைச் சட்டத்துக்கு ஒவ்வாது. மூன்று பின்னங்களையும் கூட்டினால் பதினெட்டில் பதினேழு பங்குதான் வரும், முழுமையாகாது. அதுவே புதிரின் இரகசியம். எனவே இக்கதையை மார்க்கச் செய்தியாகச் சொல்வதில்லை, கணக்காகவே சொல்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி தம் இயற்கணித நூலின் பெரும்பகுதியை வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். பின்னங்கள் மீதிருந்த வெறுப்பு சற்றுக் குறைந்தது.

புதிர் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. வாய்பாடு மனப்பாடமாக வேண்டும். ஸூராக்கள் மனனமாக வேண்டும். அவற்றுக்குப் புதிர் மாற்று அன்று. மிகக் கடினமான புதிர் பிள்ளையைச் சோர்வடையச் செய்யும். மிக எளியது சலிப்பூட்டும். விடையை மறைத்துவைத்து ஆசிரியர் தம் புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ளவும் புதிர் இடம் தந்துவிடும். அது எங்களுக்கே உள்ள சோதனை. குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட அண்ணலாரின் வழியே நமக்குப் பாதுகாப்பு.

இப்போது வியாழக்கிழமைகளில் பிள்ளைகளே புதிர்களை உருவாக்குகிறார்கள். ‘காலில்லாமல் ஐந்து வேளையும் வீட்டுவாசல் வரை வருவேன்’ என்று ஒரு சிறுமி பாங்கைச் சொன்னாள். மழைக்காலத்தில் ஏரிநீர் தெருவுக்கு வந்ததைக் கண்ட ஒருவன், ‘அழைக்காமல் வந்த விருந்தாளி, செருப்பையெல்லாம் எடுத்துப் போனான்’ என்றான். ஒரு வியாழனன்று நம் தூணோரச் சிறுவன் கை தூக்கினான். அவன் கை தூக்கி நாங்கள் கண்டது அதுவே முதன்முறை.

“கையில இருக்கும். பேசும், சிரிக்கும், முகம் காட்டும். முத்தம் கொடுத்தா கண்ணாடிதான் ஈரமாகும். அது என்ன?”

கைபேசி என்று பிள்ளைகள் ஒரே குரலில் கூவினார்கள். அவன் இல்லை என்று தலையசைத்தான். வகுப்பு அமைதியாயிற்று. எங்களுக்கும் விடை தெரியவில்லை. அவனே சொன்னான்:

“எங்க அத்தா.”

மஃரிப் பாங்கு ஒலிக்கச் சில நிமிடங்களே இருந்தன. எங்களுள் ஒருவர் அவனை அருகே அழைத்து, உன் சொல் எங்களுக்கு மிகவும் உவப்பாக இருந்தது என்றார். பிறகு எல்லோரும் ஒளூச் செய்யச் சென்றோம்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் வீட்டிலும் ஒரு தூணோரப் பிள்ளை இருக்கக்கூடும். இன்றிரவு உணவு வேளையில் ஒரு புதிரைக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். விடை தாமதமாக வரட்டும், தவறாகவும் வரட்டும். பயன்தரும் கல்வியையும், பிள்ளைகளின் மௌனத்தைக் கேட்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.